சாவி யார் கையில்? ஒபாமாகேரை ஒழிக்கும் வாதத்துக்குப் பின்னால் இருக்கும் வரலாறு

அமெரிக்காவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை ஒழித்துவிட்டு வேறொன்றைக் கொண்டுவருவதா வேண்டாமா என்பது அந்த நாட்டுக்காரர்கள் பாடு, நமக்கென்ன என்று தோழர்கள் கேட்கலாம். 2017-இல் நாமும் அப்படித்தான் செய்தியைப் படித்துவிட்டுக் கடந்து போனோம். செனட்டர் ஜான் மெக்கெயின் நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அவையில் கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டிய அந்தக் காணொளி மட்டும் நினைவில் தங்கியது. பிறகு அந்தச் சட்டத்தின் முன்கதையைத் தேடிப் படிக்கத் தொடங்கியபோது, டீக்கடை இரட்டைக் குவளையை யாரோ மருத்துவமனைக்குள் கொண்டுபோய் வைத்ததுபோல் இருந்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சட்டம் என்ன என்று பார்த்துவிடுவோம். 2010 மார்ச் 23 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்துக்கு மக்கள் வைத்த பெயர் ஒபாமாகேர். அதற்கு முன் அந்த நாட்டில் 4.5 கோடிக்கும் மேற்பட்டோருக்கு எந்தக் காப்பீடும் கிடையாது. நிரந்தர வேலையில் இருப்பவருக்கு முதலாளி வழியாகக் காப்பீடு கிடைக்கும். சமையற்கட்டில், வயலில், அடுத்தவர் வீட்டு முதியவரைப் பராமரிக்கும் வேலையில் இருப்பவருக்குக் கிடைக்காது. ஏற்கெனவே சர்க்கரையோ புற்றோ இருந்தால் காப்பீட்டு நிறுவனம் கதவைச் சாத்திவிடும். புதிய சட்டம் அப்படிச் சாத்துவதைத் தடை செய்தது. நடுத்தர வருமானக்காரர் காப்பீடு வாங்க மானியம் கொடுத்தது. ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டத்தை, ஏழ்மைக் கோட்டின் 138 விழுக்காடு வரை வருமானம் உள்ள பெரியவர்கள் எல்லோருக்கும் விரித்தது. 2016-க்குள் ஏறத்தாழ 2 கோடிப் பேர் புதிதாகக் காப்பீடு பெற்றார்கள்.

இதை நாம் கொண்டாட வேண்டியதில்லை. நடுவில் காப்பீட்டு நிறுவனங்களை உட்காரவைத்துத்தான் இந்தச் சட்டம் எழுதப்பட்டது. அரசே நடத்தும் காப்பீடு ஒன்றும் பட்டியலில் இருக்கட்டும் என்ற யோசனையை 2009 டிசம்பரில் ஒரு சில செனட்டர்களுக்காகக் கைவிட்டார்கள். ஆவணம் இல்லாத குடியேறிகள் தங்கள் சொந்தக் காசைக் கொடுத்தால்கூட அந்தச் சந்தையில் காப்பீடு வாங்க முடியாது. குறை நிறைந்த சட்டம்தான். ஆனால் அதை ஒழிக்க வந்தவர்களின் கோபம் இந்தக் குறைகள் மீது இல்லை.

குடியரசுக் கட்சி முதல் நாளிலிருந்தே ‘நீக்குவோம், மாற்றுவோம்’ என்றது. 50 தடவைக்கு மேல் வாக்கெடுப்பு நடத்தியது. 2016 சனவரியில் ஒரு நீக்கல் சட்டம் ஒபாமாவின் மேசை வரைக்கும் போய் நிராகரிக்கப்பட்டது. 2017-இல் ஆட்சி அவர்கள் கைக்கு வந்தபோதுதான், மாற்று என்று சொன்ன ஒன்று தயாராக இல்லை என்பது ஊருக்குத் தெரிந்தது. மே 4 அன்று பிரதிநிதிகள் சபையில் 217-க்கு 213 என்ற கணக்கில் ஒரு மசோதாவை நிறைவேற்றினார்கள். காங்கிரசின் சொந்த வரவுசெலவுக் கணக்கு அலுவலகமே, 2026-க்குள் 2.3 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று கணக்குச் சொன்னது. அதில் 1.4 கோடிப் பேர் மெடிகெய்டை இழப்பவர்கள். பத்தாண்டுகளில் அந்தத் திட்டத்திலிருந்து மட்டும் 83,400 கோடி டாலர் வெட்டு. கூடவே செல்வந்தர்களுக்கு வரிக்குறைப்பு.

வெட்டு எங்கே விழுகிறது என்பதைப் போலவே, மிச்சமிருப்பது யாரிடம் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். மெடிகெய்ட் செலவுக்கு வாஷிங்டன் உச்சவரம்பு கட்டும். விரும்பும் மாநிலம் மொத்தத் தொகையாகவும் வாங்கிக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு, என்ன நிபந்தனையில் என்பதை மாநிலம் பார்த்துக்கொள்ளும். சுருக்கமாகச் சொன்னால், மாநில உரிமை.

இந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ்நாட்டில் நமக்குக் கைதட்டத் தோன்றும். நீட் விவகாரத்திலும் மொழித் திணிப்பிலும் நாம் மாநிலத்தின் பக்கம்தான் நின்றோம், நிற்கிறோம். ஆனால் அமெரிக்கத் தெற்கில் இந்தச் சொல்லுக்கு வேறொரு பிறப்பு உண்டு. அடிமைகளை வைத்திருக்கும் உரிமை, பிறகு பள்ளியிலும் பேருந்திலும் மனிதரைப் பிரித்துவைக்கும் உரிமை, இரண்டுக்கும் அந்த ஊரில் வழங்கிய மரியாதையான பெயர் மாநில உரிமைதான். மருத்துவத்தில் அது என்ன செய்தது என்பதுதான் இனி வருவது.

1935-இல் ரூஸ்வெல்ட் கொண்டுவந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இருந்து தொடங்கலாம். முதுமைக்கால ஓய்வூதியம் தரும் அந்தச் சட்டம், விவசாயக் கூலிகளையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே நிறுத்தியது. சட்டத்தில் இனத்தைப் பற்றி ஒரு சொல் கிடையாது. ஆனால் அன்றைய கறுப்பின உழைப்பாளிகளில் பெரும்பான்மையோர் இந்த இரண்டு வேலைகளில்தான் இருந்தார்கள். கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் சார்பில் வழக்கறிஞர் சார்லஸ் ஹூஸ்டன் செனட் குழுவின் முன் போய், பெரும்பாலான கறுப்பர்கள் கீழே விழுகிற அளவுக்கு ஓட்டை போட்ட சல்லடை இது என்று சாட்சியம் சொன்னார். நிர்வாகச் சிரமத்தால்தான் அவர்களை விட்டார்கள், விடுபட்டவர்களில் எண்ணிக்கைப்படி வெள்ளையர்களே அதிகம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. எண்ணிக்கை உண்மைதான். சாதியின் பெயரைச் சொல்லாமலே சாதியைக் குறிவைக்க முடியும் என்பதை நமக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாட்டாமைகள் கூலியை நிர்ணயிக்கும்போது சாதிப் பெயரை எழுதியா வைக்கிறார்கள்?

1946-இல் வந்த மருத்துவமனை கட்டுமானச் சட்டம் அந்த மறைப்பைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அலபாமா செனட்டர் லிஸ்டர் ஹில் முன்னின்று கொண்டுவந்த இந்தச் சட்டத்தை ஹில்-பர்ட்டன் சட்டம் என்பார்கள். நாடு முழுவதும், குறிப்பாகத் தெற்கின் கிராமப்புறங்களில், மருத்துவமனை கட்ட ஒன்றிய அரசு பணம் கொடுத்தது. யாரையும் இனம் பார்த்து ஒதுக்கக்கூடாது என்று ஒரு விதி. தனித்தனியாக, அதே தரத்தில் வசதி செய்துகொடுத்தால் ஒதுக்கலாம் என்று உடனே ஒரு விலக்கு. அதே தரத்தில் என்பதைச் சரிபார்ப்பது யார்? மாநிலம்தான். கறுப்பின நோயாளிகள் நிலவறைகளிலும் பின்கட்டுகளிலும் கிடத்தப்பட்டார்கள். ரத்தத்தைக்கூட இனம் பார்த்துப் பிரித்துவைக்கச் சட்டம் போட்ட மாநிலங்கள் இருந்தன.

கறுப்பின மருத்துவர்களின் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. அமெரிக்க மருத்துவச் சங்கத்தில் சேர, முதலில் உள்ளூர் கிளைச் சங்கத்தில் சேர வேண்டும். தெற்கில் அந்தக் கிளைகள் கறுப்பர்களைச் சேர்க்காது. தலைமைச் சங்கம் கையை விரித்துவிடும், கிளைகளின் முடிவில் தலையிட முடியாதாம். சங்க உறுப்பினர் இல்லையென்றால் பல மருத்துவமனைகளில் நோயாளியைச் சேர்க்கும் அனுமதி கிடையாது. ஆக, பட்டம் பெற்ற மருத்துவர் தன் நோயாளியை மருத்துவமனை வாசலில் வெள்ளை மருத்துவரிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். 1895-லேயே அவர்கள் தனியாக ஒரு தேசிய மருத்துவச் சங்கம் தொடங்கியது இதனால்தான். 1945 நவம்பரில் ட்ரூமன் எல்லோருக்குமான தேசியக் காப்பீட்டை முன்மொழிந்தபோது, ‘இது சோசலிச மருத்துவம்’ என்று பெரும் பணம் செலவழித்து அதை வீழ்த்தியதும் அதே அமெரிக்க மருத்துவச் சங்கம்தான். கறுப்பின மருத்துவர்களிடம் அது மன்னிப்புக் கேட்டது 2008-இல்.

வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் ஜார்ஜ் சிம்கின்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். பல்லில் சீழ் வைத்து வந்த தன் நோயாளி ஒருவருக்கு மருத்துவமனையில் இடம் கிடைக்காமல், 1962-இல் மற்ற மருத்துவர்களோடும் நோயாளிகளோடும் சேர்ந்து வழக்குப் போட்டார். ஒன்றிய அரசின் பணத்தில் கட்டிய மருத்துவமனை தனியாருடையது ஆனாலும் மனிதரை ஒதுக்க முடியாது என்று 1963 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. ‘தனி, ஆனால் சமம்’ என்ற அந்த விலக்கு செத்தது. அடுத்த ஆண்டு குடியுரிமைச் சட்டம் வந்தது. ஒன்றியப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் இனப்பாகுபாடு காட்டக்கூடாது என்பது அதன் ஆறாம் பிரிவு.

தீர்ப்பும் சட்டமும் வந்தால் மாறிவிடுமா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-லேயே வந்துவிட்டது. இன்றும் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய வைக்கக் காவல் நிலைய வாசலில் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டியிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 1965-லும் தெற்கத்திய மருத்துவமனைகள் அப்படியேதான் இருந்தன. அவற்றை மாற்றியது மெடிகேர்.

65 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஒன்றிய அரசே நடத்தும் மருத்துவக் காப்பீடு மெடிகேர். 1965 சூலை 30 அன்று லிண்டன் ஜான்சன், முதியவர் ட்ரூமனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அதில் கையெழுத்திட்டார். 1966 சூலை 1 முதல் பணம் பாயத் தொடங்கும். ஆறாம் பிரிவின்படி பிரிவினையை ஒழித்த மருத்துவமனைக்கு மட்டுமே அந்தப் பணம் என்று அரசு சொன்னது. சுகாதாரத் துறையின் பல பிரிவுகளிலிருந்து ஆட்களைத் திரட்டி ஊர் ஊராக ஆய்வுக்கு அனுப்பியது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் நோயாளிகளைக் கலந்து படுக்கவைத்து ஏமாற்றிய மருத்துவமனைகள் இருந்தன. உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது என்று இரகசியமாகத் தகவல் சொன்னவர்கள், அங்கே வேலை பார்த்த கறுப்பின ஊழியர்களும் உள்ளூர் குடியுரிமை இயக்கத்தவரும். வேலை போகும், அடி விழும் என்று தெரிந்தே சொன்னார்கள். இந்தப் பக்கத்தை வாசித்தபோது நமக்கு வந்த பெருமிதத்தை மறைக்க விரும்பவில்லை.

நான்கு மாதத்துக்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைகள் தங்கள் வார்டுகளைக் கலந்தன. நூறாண்டு மனமாற்றப் பிரச்சாரம் செய்யாததைப் பணத்தோடு கட்டிய நிபந்தனை நான்கு மாதத்தில் செய்தது. ஓட்டையும் இருந்தது. தனியாக மருத்துவம் பார்க்கும் டாக்டர்களை ஆறாம் பிரிவிலிருந்து விட்டுவிட்டார்கள், முதியோர் பராமரிப்பு இல்லங்களில் ஆய்வு பெயருக்குத்தான் நடந்தது.

அதே நாளில், அதே கையெழுத்தில் பிறந்த இன்னொரு குழந்தைதான் மெடிகெய்ட். முதியவர்களுக்கு மெடிகேர், ஏழைகளுக்கு மெடிகெய்ட். முதலாவதன் சாவி வாஷிங்டனிடம். இரண்டாவதன் சாவி மாநிலங்களிடம். சேர்வதும் சேராததும் மாநிலத்தின் விருப்பம் (அரிசோனா 1982 வரை சேரவே இல்லை). யார் ஏழை என்று அளப்பதும் மாநிலத்தின் விருப்பம். பல மாநிலங்களில் பிள்ளை இல்லாத பெரியவர் எவ்வளவு ஏழையாக இருந்தாலும் கணக்கில் வரமாட்டார்.

ஒபாமாவின் சட்டம் இந்தச் சாவியைத்தான் பிடுங்கப் பார்த்தது. செலவில் முதல் மூன்றாண்டுகள் 100 விழுக்காட்டையும், பிறகு படிப்படியாகக் குறைத்து 2020 முதல் 90 விழுக்காட்டையும் வாஷிங்டனே ஏற்கும், மாநிலங்கள் எல்லா ஏழைகளையும் சேர்க்க வேண்டும் என்றது. 2012 சூன் 28 அன்று உச்ச நீதிமன்றம், சேர்க்காத மாநிலத்தின் பழைய மெடிகெய்ட் நிதியை நிறுத்துவேன் என்பது மிரட்டல், எனவே விரிவாக்கம் மாநிலத்தின் விருப்பம் என்று தீர்ப்பளித்தது. சாவி பழைய கைக்கே திரும்பியது. 1966-இல் மருத்துவமனைச் சுவரை இடித்தது எதுவோ, அந்த நிபந்தனையின் பல்லைத்தான் 2012-இல் பிடுங்கினார்கள்.

இதன் விளைவு விசித்திரமானது. ஏழைகள் எல்லோரும் மெடிகெய்டுக்குப் போய்விடுவார்கள் என்று நம்பி, ஏழ்மைக் கோட்டுக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டுமே மானியம் என்று சட்டத்தை எழுதியிருந்தார்கள். ஆக விரிவாக்காத மாநிலத்தில் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே இருப்பவருக்கு மானியம் உண்டு. கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு மானியமும் இல்லை, மெடிகெய்டும் இல்லை. கூடுதல் ஏழை என்பதாலேயே ஒன்றும் கிடையாது! அலபாமாவிலும் டெக்சாசிலும் பிள்ளை வளர்க்கும் தாய் மெடிகெய்ட் பெற வேண்டுமானால், அவர் வருமானம் ஏழ்மைக் கோட்டின் 20 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும்.

இன்றும் விரிவாக்காத மாநிலங்கள் 10. அவற்றில் டெக்சாஸ், புளோரிடா, ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பி, தென் கரோலினா, டென்னசி ஆகிய 7 மாநிலங்கள், அடிமை முறையைக் காக்க 1860-61-இல் பிரிந்துபோய்ப் போரிட்டவை. அந்தப் பள்ளத்தில் விழுந்திருப்பவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு, மக்கள்தொகையில் அவர்களின் பங்கைவிட அதிகம்.

அதே பள்ளத்தில் வெள்ளை ஏழைகளும் நிறையவே கிடக்கிறார்கள். கிராமப்புற மருத்துவமனைகள் அதிகம் மூடப்பட்ட மாநிலங்களில் டெக்சாசும் டென்னசியும் முன்னணியில் இருக்கின்றன. மூடியது அவர்கள் மருத்துவமனையும்தான். இருந்தும் ஒழிப்பதாகச் சொன்னவர்களுக்கே வாக்களித்தார்கள். ‘சோம்பேறிகளுக்கு நம் வரிப்பணம்’ என்ற பேச்சு அங்கே நன்றாக விலைபோனது. டூ போய்ஸ் 1935-இல் இதை விளக்கிவிட்டார். வெள்ளைத் தொழிலாளிக்குக் கூலி குறைவு, ஆனால் கறுப்பருக்கு மேலே இருக்கிறோம் என்ற மதிப்பு ஒரு வகைக் கூலியாகச் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது என்றார். அண்ணல் அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மையும் இதே நோயைத்தான் வேறொரு உடம்பில் கண்டது. 1946-இல் அண்ணல் டூ போய்சுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. அவைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டதும், அவர் பதில் எழுதியதும் தற்செயல் இல்லை. கிராமத்தைத் தற்சார்புக் குடியரசு என்று மற்றவர்கள் புகழ்ந்தபோது, அரசியல் நிர்ணய சபையில் அந்தப் புகழ்ச்சியை மறுத்தவரும் அண்ணல்தான்.

2017-க்குத் திரும்புவோம். சூன் 22 அன்று செனட் தலைவர் மிச் மெக்கானலின் அலுவலக வாசலில் மாற்றுத்திறனாளிகள் அமைப்பான அடாப்ட் படுத்துப் போராடியது. சக்கர நாற்காலியிலிருந்து அவர்களைக் காவலர்கள் தூக்கிக்கொண்டு போன படங்கள் நாடு முழுக்கப் போயின. மெடிகெய்ட் போனால் அவர்கள் வீட்டில் வாழ முடியாது, விடுதிக்குத்தான் போக வேண்டும். செனட்டில் சூலை 25, 26 தேதிகளில் இரண்டு வடிவங்கள் தோற்றன. 28 அதிகாலை மூன்றாவதும் 49-க்கு 51 என்று தோற்றது. மெக்கெயின் கட்டைவிரலைத்தான் உலகம் பார்த்தது. அவருக்கு முன்பிருந்தே உறுதியாக நின்ற சூசன் காலின்ஸ், லிசா முர்கௌஸ்கி என்ற இரண்டு பெண்களையும், நாற்காலியிலிருந்து தூக்கப்பட்டவர்களையும் நாம் முதலில் சொல்ல விரும்புகிறோம்.

சட்டம் தப்பியது. ஒழிப்பு வேறு பாதையில் போனது. ஆர்கன்சாஸ் மாநிலம் 2018-இல், மெடிகெய்ட் வேண்டுமென்றால் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததைக் கணக்குக் காட்டு என்றது. தொடக்கத்தில் அதை இணையத்தில்தான் பதிய வேண்டும். இணையதளம் இரவு 9 மணிக்கு மூடிவிடும். சில மாதங்களில் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் தடுத்தது. காப்பீட்டு அட்டைக்காக வருமானச் சான்று வாங்க, கூலி வேலையை விட்டுவிட்டு கிராம நிர்வாக அலுவலகத்துக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் மூன்று நாள் அலைகிறவர்களோடு நாமும் அலைந்திருக்கிறோம். திட்டத்தில் அவர்கள் பெயர் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கையெழுத்து மட்டும்தான் குறையும்.

2025 சூலை 4 அன்று ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரும் வரிச் சட்டத்தில் ‘ஒபாமாகேர் ஒழிப்பு’ என்ற சொல் இல்லை. விரிவாக்கத்தில் சேர்ந்தவர்கள் மாதம் 80 மணி நேர வேலையைக் காட்ட வேண்டும் என்ற ஆர்கன்சாஸ் விதி அதில் நாடு தழுவியதாக இருக்கிறது. இந்தச் சட்டத்தால் 2034-க்குள் ஏறத்தாழ 1 கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இழப்பார்கள் என்று அதே கணக்கு அலுவலகம் சொல்லியிருக்கிறது. சந்தைக் காப்பீட்டுக்குக் கொடுத்துவந்த கூடுதல் மானியத்தை நீட்டிக்கக் கேட்டு, 2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் அரசு அலுவலகங்கள் முடங்கிக் கிடந்தன. மானியம் டிசம்பர் 31-உடன் முடிந்துபோனது.

வேலைக் கணக்குக் காட்டும் விதி 2027 சனவரி 1-க்குள் நடைமுறைக்கு வர வேண்டும். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அந்த விதிக்கு வேலையே இருக்காது. யாரிடம் கணக்குக் கேட்க வேண்டுமோ அவர்களை அங்கே உள்ளேயே விடவில்லை.